இத்தாலியத் தக்காளி சாஸின் வரலாறு

இத்தாலியத் தக்காளி சாஸ் என்பது பழுத்த தக்காளியை ஆலிவ் எண்ணெய், பூண்டு அல்லது வெங்காயம், உப்பு, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றுடன் வேகவைத்துச் சுண்ட எடுக்கும் கெட்டியான குழம்பு. பாஸ்தா, பீட்சா, கத்தரிக்காய் உணவுகள், வேகவைத்த இறைச்சி எனப் பலவற்றுடன் இது சேர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 'தக்காளி சாஸ்' என்ற சொல் பெரும்பாலும் பாட்டிலில் விற்கப்படும் கெட்சப்பைக் குறிக்கிறது. கெட்சப்பில் வினிகரும் சர்க்கரையும் மசாலாப் பொருட்களும் மிகுதி. அது தொட்டுக்கொள்ளும் பண்டம். இத்தாலிய சாஸ் உணவோடு சேர்த்துக் கலக்கப்படுவது. அதன் புளிப்பும் இனிப்பும் தக்காளியிலிருந்தே வருகின்றன.

வீட்டு அடுப்பில் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய இந்த சாஸ், இத்தாலியின் மிகப் பழைய உணவுகளில் ஒன்று என்று பரவலாகக் கருதப்படுகிறது. வரலாறு அவ்வாறு இல்லை. தக்காளி இத்தாலியை அடைந்தது 16ஆம் நூற்றாண்டில். தக்காளி சாஸின் செய்முறை அங்கு அச்சேறியது 1692இல். பாஸ்தாவுடன் அது சேர்ந்தது அதற்கும் ஏறத்தாழ 100 ஆண்டுகள் கழித்து. ஆண்டு முழுவதும் எல்லா வீடுகளிலும் கிடைக்கும் பொருளாக அது ஆனது தகர டப்பா வந்த பின்னரே. இன்றைய எளிமைக்குப் பின்னால் பல தலைமுறைகளின் சமையலறை உழைப்பும், ஆலை உழைப்பும், வயல் உழைப்பும் உள்ளன.

பெயர்கள்

தக்காளியைக் குறிக்கும் 'பொமோதோரோ' என்ற இத்தாலியச் சொல்லுக்குத் 'தங்க ஆப்பிள்' என்று பொருள். பிற ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் 'டொமேட்டோ' போன்ற பெயர்கள் மெக்சிகோவின் நாவட்டில் மொழிச் சொல்லான 'டொமாட்டில்' என்பதிலிருந்து வந்தவை.

தமிழில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் தக்காளி சாஸுக்கு இத்தாலியில் பல பெயர்கள் உண்டு. 'சல்சா' என்பது வெங்காயம், செலரி போன்றவை சேர்த்துச் செய்த சாஸ். 'சூகோ' என்பது சாறு. பல இடங்களில் பாஸ்தாவுக்கான எல்லாக் குழம்புக்கும் இதுவே பெயர். 'பஸ்ஸாத்தா' தோலும் விதையும் நீக்கி வடித்தெடுத்த தக்காளிக் கூழ். 'பெலாத்தி' தோல் உரித்து டப்பாவில் அடைத்த முழுத் தக்காளி. 'கொன்சேர்வா' வற்றவைத்துப் பாதுகாத்த தக்காளி விழுது. 'ராகு' இறைச்சியுடன் நீண்ட நேரம் வேகவைத்த குழம்பு. இந்தப் பெயர்களில் பாதி தக்காளியைப் பாதுகாத்து வைக்கும் வழிகளைக் குறிப்பவை.

தக்காளிக்கு முந்திய சமையல்

பண்டைய ரோமானியர் தக்காளியை அறியார். அவர்களது சமையலின் முக்கியச் சுவையூட்டி மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து எடுத்த 'காரும்' என்னும் சாறு. இடைக்காலத்திலும் மறுமலர்ச்சிக் காலத்திலும் இத்தாலியச் செல்வர் வீடுகளில் புளிப்புக்குப் பழுக்காத திராட்சையின் சாறும் வினிகரும் பயன்பட்டன. மிளகு, இலவங்கப்பட்டை, இஞ்சி போன்றவை ஏராளமாகச் சேர்க்கப்பட்டன. பாஸ்தாவைத் துருவிய பாலாடைக்கட்டியுடன் உண்டனர். விருந்துகளில் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் தூவினர். போப்பாண்டவர்களின் சமையற்காரரான பர்த்தொலொமேயோ ஸ்கப்பி 1570இல் வெளியிட்ட பெருநூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. அவற்றில் தக்காளி இல்லை.

அமெரிக்காவிலிருந்து வருகை

தக்காளியின் காட்டு இனங்கள் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆண்டிஸ் மலைகளை ஒட்டி வளர்பவை. இன்று நாம் உண்ணும் பெரிய பழ வகைகள் மெக்சிகோ பகுதியில் பயிராக வளர்க்கப்பட்டன. அங்கு மக்கள் தக்காளியை மிளகாயுடன் அரைத்துக் குழம்பாக்கி உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சாகாகுன், சந்தையில் தக்காளியும் மிளகாயும் கலந்த குழம்புகள் விற்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். ஆகவே தக்காளி சாஸ் என்ற எண்ணம் ஐரோப்பாவில் தோன்றியதன்று.

1521இல் அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் தக்காளி விதைகள் கப்பல்களில் ஸ்பெயினுக்கு வந்தன. அக்காலத்தில் நேப்பிள்ஸும் சிசிலியும் ஸ்பானிய ஆட்சியில் இருந்ததால், அங்கிருந்து இத்தாலிக்கு வருவது எளிதாயிற்று.

இத்தாலியில் தக்காளியைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு, மருத்துவரும் தாவரவியலாளருமான பியெத்ரோ அந்திரேயா மத்தியோலி 1544இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அவர் அதைக் கத்தரியின் ஒரு புதிய வகையாகக் கருதினார். பழுத்தால் இரத்த நிறமோ பொன்னிறமோ கொள்ளும் என்றும், கத்தரிக்காயைப் போல எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்துச் சமைத்து உண்ணப்படுகிறது என்றும் எழுதினார். 'பொமி தோரோ' என்ற பெயர் அவரது நூலின் 1554ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெறுகிறது.

இரண்டாவது முக்கியச் சான்று ஒரு கடிதம். புளோரன்சின் ஆட்சியாளர் கோசிமோ தெ மெதிச்சியின் அரண்மனை மேற்பார்வையாளர் 1548 அக்டோபர் 31 அன்று பீசா நகரிலிருந்து அதை எழுதினார். புளோரன்ஸ் அருகிலுள்ள பண்ணையிலிருந்து அனுப்பப்பட்ட தக்காளிக் கூடை பத்திரமாக வந்து சேர்ந்ததை அது தெரிவிக்கிறது. கோசிமோவின் மனைவி எலியோனோரா, நேப்பிள்ஸை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மகள் என்பது இங்கு நினைவுகொள்ளத் தக்கது.

ஐயமும் விலக்கும்

இதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தக்காளி பெரும்பாலும் தோட்டங்களில் அழகுக்காகவே வளர்ந்தது. இயற்கை ஆய்வாளர் உலிஸ்ஸே அல்த்ரோவாந்தி தொகுத்த உலர் தாவரத் தொகுப்பில் ஒரு தக்காளிச் செடி இன்றும் பொலோனியா நகரில் பாதுகாக்கப்படுகிறது. தாவரவியலாளர்கள் அதை ஆராய்ந்தனர். செல்வர்கள் அதைக் கண்டு வியந்தனர். ஆனால் பொதுவான உணவாக அது ஏற்கப்படவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, செடியின் உறவு. தக்காளி கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொடிய நஞ்சுள்ள பெல்லடோனா போன்ற செடிகளும் அதே குடும்பத்தில் உள்ளன. இலையின் கடுமணமும் ஐயத்தை வளர்த்தது. மற்றொன்று, அக்கால மருத்துவம். பண்டைய மருத்துவர் கேலனின் கொள்கைப்படி உணவுகள் சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம் எனப் பிரிக்கப்பட்டன. தக்காளி குளிர்ச்சியும் ஈரமும் மிக்கது என்றும், செரிமானத்தைக் கெடுக்கும் என்றும் மருத்துவர்கள் கூறினர். மிளகும் எண்ணெயும் சேர்த்தால் அந்தக் குளிர்ச்சி ஓரளவு தணியும் என்று நம்பினர்.

முதல் செய்முறை: அந்தோனியோ லத்தீனி

தக்காளி சாஸின் செய்முறை இத்தாலியில் அச்சில் வந்தது நேப்பிள்ஸில். அதை எழுதியவர் அந்தோனியோ லத்தீனி. மத்திய இத்தாலியின் மார்க்கே பகுதியில் 1642இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வேலைக்காரச் சிறுவனாகத் தொடங்கி, ரோமில் ஒரு கர்தினாலின் வீட்டில் பணிபுரிந்து, பிறகு நேப்பிள்ஸில் ஸ்பானிய உயர் அதிகாரி ஒருவரின் விருந்து மேற்பார்வையாளராக உயர்ந்தார். 'லோ ஸ்கல்கோ அல்லா மொதேர்னா' என்னும் அவரது நூல் 1692இலும் 1694இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது.

அதன் முதற்பகுதியில் 'ஸ்பானிய முறையிலான தக்காளி சாஸ்' உள்ளது. பழுத்த தக்காளி ஆறினைத் தணலில் சுட்டுத் தோலுரித்துக் கத்தியால் பொடியாகக் கொத்த வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், சிறிதளவு தைம் இலை சேர்த்துக் கலந்து உப்பு, எண்ணெய், வினிகர் விட வேண்டும். வேகவைத்த இறைச்சி முதலியவற்றுடன் உண்ண இது ஏற்றது என்கிறார் லத்தீனி.

இச்செய்முறையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெயரிலேயே இது வெளியிலிருந்து வந்தது என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. இரண்டாவது, சுட்ட தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் சேர்ந்த இந்தக் கலவை, சாகாகுன் மெக்சிகோச் சந்தையில் கண்ட குழம்புகளுக்கே நெருக்கமானது. மூன்றாவது, இதில் பாஸ்தா பற்றிய பேச்சு இல்லை.

பாஸ்தாவும் தக்காளியும்

பாஸ்தா நேப்பிள்ஸின் பொதுமக்கள் உணவானதும் 17ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் நேப்பிள்ஸ் மக்கள் கீரையும் முட்டைக்கோசும் மிகுதியாக உண்டதால் 'இலை தின்போர்' என்று அழைக்கப்பட்டனர். மாவு பிசையும் பொறியும் அச்சில் பிழியும் பொறியும் பரவியதும் உலர்ந்த பாஸ்தா மலிவாயிற்று. பட்டப்பெயரும் 'மக்கரோனி தின்போர்' என்று மாறியது. தெருவோரக் கடைகளில் வேகவைத்த பாஸ்தாவைக் கையால் தூக்கி வாயில் விட்டு உண்டனர். 1787இல் நேப்பிள்ஸுக்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கேத்தே அதைக் கண்டு எழுதியபோது, மக்கரோனியின் மேல் தூவப்பட்டது துருவிய பாலாடைக்கட்டி என்றே குறிப்பிடுகிறார்.

அதே காலத்தில் செல்வர்களின் சமையலறைகளில் தக்காளி வேரூன்றிக்கொண்டிருந்தது. வின்சென்சோ கொர்ராதோ நேப்பிள்ஸில் 1773இல் வெளியிட்ட 'இல் கூவோகோ கலாந்தே' என்னும் நூலில் தக்காளியைக் குடைந்து பூரணம் வைக்கும் உணவுகள் பல உள்ளன. தக்காளியைத் தணலில் வாட்டியோ கொதிநீரில் முக்கியோ தோலுரித்து விதை நீக்கும் முறையை அவர் சொல்கிறார். இன்றும் வீடுகளில் பின்பற்றப்படுவது அதுவே.

பாஸ்தாவையும் தக்காளியையும் இணைத்த தொடக்ககால நூல்களில் ஒன்றாக ரோமானியச் சமையற்காரர் பிரான்செஸ்கோ லியோனார்தியின் 1790ஆம் ஆண்டு நூலான 'லப்பிச்சோ மொதேர்னோ' சுட்டப்படுகிறது. இந்த இணைப்பை வீட்டுச் சமையலாகவே பதிவு செய்தவர் நேப்பிள்ஸ் பிரபு இப்போலித்தோ கவல்காந்தி. 1837இல் வெளிவந்த தமது சமையல் நூலின் 1839ஆம் ஆண்டுப் பதிப்பில், நேப்பிள்ஸ் பேச்சுமொழியில் எழுதிய பின்னிணைப்பு ஒன்றைச் சேர்த்தார். அதில் மெல்லிய வெர்மிச்செல்லியைத் தக்காளியுடன் செய்யும் முறை உள்ளது. தக்காளியை வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, வற்றவிட்டு, கொழுப்புச் சேர்த்து, வெந்த வெர்மிச்செல்லியுடன் கலக்க வேண்டும். பிரபு ஒருவர் இதை ஏட்டு மொழியில் எழுதாமல் தெருமொழியில் எழுதியதிலிருந்து, அந்த உணவு அதற்குள் எவருடையதாக ஆகியிருந்தது என்பது தெரிகிறது. லத்தீனியின் வினிகரும் பச்சை வெங்காயமும் மறைந்து, சாஸ் அடுப்பேறிச் சுண்டியது இக்காலத்தில்தான்.

பாதுகாக்கும் கலை

தக்காளி கோடைப் பயிர். தென் இத்தாலியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை குவியும், பிறகு கிடைக்காது. ஆண்டு முழுவதும் சாஸ் வேண்டுமானால் பழத்தைப் பாதுகாக்கும் வழி வேண்டும்.

சிசிலியில் தக்காளிக் கூழை உப்பிட்டு மரப்பலகைகளில் பரப்பிப் பல நாள் வெயிலில் உலர்த்தினர். பெண்கள் அதை அடிக்கடி கிளறி, மாலையில் உள்ளே எடுத்து, காலையில் மீண்டும் வெளியில் வைக்க வேண்டும். இறுதியில் களிமண் போல் இறுகிய கருஞ்சிவப்பு விழுது கிடைக்கும். 'ஸ்த்ராத்து' எனப்படும் அதில் ஒரு கரண்டி போதும், ஒரு சட்டி குழம்புக்கு. வடக்கே பார்மா பகுதியில் கூழைக் கருமை ஏறும் வரை காய்ச்சி, கட்டியாக உருட்டி வைத்தனர்.

பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மூடிக் கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்பதைக் கண்டறிந்து 1810இல் நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. கிருமிகளைப் பற்றிய அறிவு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இம்முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. பீட்மாந்த் பகுதியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சீரியோ 1856இல் தூரின் நகரில் பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிலைத் தொடங்கினார். 1861இல் இத்தாலி ஒரே நாடான பின் அவரது நிறுவனம் தெற்கே விரிந்தது. நேப்பிள்ஸ் அருகே பெரிய தக்காளி ஆலை எழுந்தது. பார்மாவில் வேளாண் அறிஞர் கார்லோ ரோஞோனியின் முயற்சியால் தக்காளி வயற்பயிராகப் பரவி, விழுது ஆலைகள் பெருகின. பிற்காலத்தில், 1951இல், பார்மாவின் மூத்தி நிறுவனம் விழுதைப் பற்பசை போன்ற உலோகக் குழாயில் விற்றது. அதன் மூடியாகத் தையல் விரலுறை ஒன்றைப் பொருத்தியிருந்தது. குழாய் தீர்ந்தபின் விரலுறை வீட்டில் தங்கிவிடும்.

அர்த்தூசியின் சாஸ்

ஒன்றுபட்ட இத்தாலிக்குப் பொதுவான சமையல் மொழியைத் தந்தவர் எனப் போற்றப்படுபவர் பெல்லெகிரினோ அர்த்தூசி. 1820இல் ரொமாஞா பகுதியில் பிறந்து புளோரன்சில் வாழ்ந்த வணிகரான அவர், 1891இல் தம் சொந்தச் செலவில் 'சமையல் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்' என்ற நூலை அச்சிட்டார். முதற்பதிப்பில் 475 செய்முறைகள் இருந்தன. இல்லத்தரசிகளும் சமையற்காரர்களும் நாடெங்கிலுமிருந்து எழுதிய கடிதங்களைக் கொண்டு திருத்தித் திருத்தி அதனை 790 ஆக வளர்த்தார். 1911இல் அவர் இறக்கும்போது அது இத்தாலிய நடுத்தர வீடுகளின் கைநூலாகியிருந்தது.

அந்நூலின் 125ஆம் செய்முறை தக்காளி சாஸ். ஒரு கதையோடு அது தொடங்குகிறது. ரொமாஞாவின் ஓர் ஊரில் எல்லார் வீட்டு விவகாரத்திலும் தலையிடும் பாதிரியார் ஒருவர் இருந்தார். தக்காளி எந்த உணவிலும் நுழைந்துவிடுவது போல அவரும் எங்கும் நுழைவதால் ஊரார் அவருக்குத் 'தக்காளிச் சாமியார்' என்று பெயர் வைத்தனர். கதைக்குப் பின் செய்முறை வருகிறது: கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு, விரல் நீளச் செலரித் தண்டு, திருநீற்றுப்பச்சிலை, பார்ஸ்லி இவற்றைப் பொடியாக நறுக்கி, எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து, உடைத்த ஏழெட்டுத் தக்காளிகளோடு ஒன்றாக அடுப்பில் ஏற்றிக் கிளறி, பாலாடை போல் கெட்டியானதும் சல்லடையில் வடிக்க வேண்டும். வெறும் தக்காளியை வேகவைத்து வடித்த சாற்றை அவர் இதிலிருந்து வேறாகக் காட்டுகிறார். 350 ஆண்டுகளுக்கு முன் அரண்மனைக்கு ஒரு கூடையில் வந்த விந்தைப் பழம், அர்த்தூசியின் காலத்தில் எங்கும் மூக்கை நுழைப்பவருக்கான கேலிப்பெயராகும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

சான் மர்சானோ

டப்பாத் தொழிலுக்கு ஏற்ற தக்காளியாகப் புகழ்பெற்றது சான் மர்சானோ. வெசுவியஸ் எரிமலைக்கு அருகே, சார்னோ ஆற்றுச் சமவெளியின் எரிமலை மண்ணில் விளைவது. நீண்ட வடிவமும் தடித்த சதையும் குறைந்த விதையும் எளிதில் உரியும் தோலும் கொண்டது. கொடியாக வளர்வதால் கழி நட்டுக் கட்ட வேண்டும். பழுக்கப் பழுக்கப் பலமுறை கையால் பறிக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நச்சுயிரி நோய்களாலும், பொறியால் அறுவடை செய்யத்தக்க கலப்பின வகைகளின் வரவாலும் இதன் சாகுபடி மிகவும் சுருங்கியது. மீட்கும் முயற்சிகளுக்குப் பின் 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் இதற்கு வழங்கப்பட்டது.

கடல் கடந்த சாஸ்

1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தெற்கின் ஏழை விவசாயிகள். ஊரில் இருந்தபோது இறைச்சியும் நல்ல பாஸ்தாவும் அவர்களுக்குத் திருநாள் உணவு. அமெரிக்காவில் ஆலைக் கூலி கிடைத்ததும் அவை வாராந்திர உணவாயின. நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் வந்த டப்பாத் தக்காளியும் விழுதும் ஊரின் சுவையைக் கொண்டுவந்தன. இந்தத் தேவையே இத்தாலியின் டப்பாத் தொழிலை வளர்த்த காரணங்களில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்கில் கொதிக்கும் இறைச்சிக் குழம்பும், 'மரினாரா' எனப்படும் எளிய தக்காளி சாஸும் அமெரிக்க இத்தாலியரின் அடையாளங்களாயின.

நேப்பிள்ஸிலும் ஞாயிறு ராகு குடும்பத்தின் மையம். சட்டியில் எப்போதாவது ஒரு குமிழி மட்டும் எழும்படி மெல்லக் கொதிப்பதற்கு அங்கு 'பிப்பியாரே' என்று தனிச் சொல்லே உண்டு. நாடகாசிரியர் எதுவார்தோ தெ பிலிப்போ 1959இல் எழுதிய 'சனி, ஞாயிறு, திங்கள்' என்னும் நாடகத்தின் கதை ஒரு குடும்பத்தின் ராகுவைச் சுற்றியே நகர்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எளிமையை மீண்டும் முன்வைத்தவர் மார்செல்லா ஹசான் (1924–2013). அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, மணமாகி நியூயார்க் சென்றபின் சமைக்கக் கற்றவர். 1973இல் வெளிவந்த தமது முதல் நூலின் வழியாக ஆங்கிலம் பேசுவோருக்கு இத்தாலிய வீட்டுச் சமையலை அறிமுகப்படுத்தினார். அவர் பெயரோடு நிலைத்துவிட்ட சாஸில் தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு ஆகியவை மட்டுமே உண்டு. முக்கால் மணி நேரம் கொதித்தபின் வெங்காயம் எடுத்துவிடப்படும்.

இன்றைய எளிய செய்முறை

இன்று இத்தாலிய வீடுகளில் வழங்கும் அடிப்படை முறை பின்வருமாறு. நால்வருக்கு ஒரு கிலோ பழுத்த தக்காளி போதும்.

1. தக்காளியின் அடியில் சிலுவைக் குறியாகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் இட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். தோல் சுருண்டு உரியும்.

2. நீர் மிகுந்த வகையானால் விதைகளை வழித்து நீக்க வேண்டும். இல்லையெனில் சாஸ் கெட்டியாவதற்குள் பழத்தின் புதுச்சுவை போய்விடும்.

3. அகன்ற பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு இரண்டு பல்லையோ நறுக்கிய சிறு வெங்காயத்தையோ மெல்லிய தீயில் வதக்க வேண்டும். பூண்டு கருகினால் கசப்பேறும்.

4. தக்காளியைச் சேர்த்து உப்பிட்டு, மூடாமல் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மூடினால் நீர் வற்றாது. எண்ணெய் ஓரத்தில் பிரியத் தொடங்குவது பதம்.

5. இறக்கும்போது திருநீற்றுப்பச்சிலையைக் கையால் கிள்ளிப் போட வேண்டும். முன்பே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி சேர்த்தால், அதிலுள்ள மாவுச்சத்து சாஸைப் பாஸ்தாவோடு ஒட்டச் செய்யும். தக்காளியின் அமிலம் அலுமினியத்தோடு வினைபுரிவதால் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமோ மண் பாத்திரமோ நல்லது. தக்காளிக்கு நிறம் தரும் லைக்கோபீன் கொழுப்பில் கரைவது. எண்ணெயோடு வேகவைப்பதால் உடல் அதை எளிதில் ஏற்கிறது.

பாட்டில் கட்டும் நாள்

தென் இத்தாலியிலும், இத்தாலியர் குடியேறிய நாடுகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை குடும்பமே கூடி பஸ்ஸாத்தா செய்யும் வழக்கம் உண்டு. இத்தாலியில் இது பெரும்பாலும் ஆகஸ்டு மாதத்தில் நடக்கும். பருவம் மாறிய ஆஸ்திரேலியாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடக்கும். விடியலில் பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்கும். ஒருவர் கழுவ, ஒருவர் நறுக்க, ஒருவர் வேகவைக்க, ஒருவர் கைப்பிடியுள்ள அரைவையைச் சுற்றித் தோலையும் விதையையும் பிரிப்பார். குழந்தைகள் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு திருநீற்றுப்பச்சிலையைப் போடுவர். மூடிய பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி உடையாதபடி துணி சுற்றிப் பெரிய பீப்பாயில் அடுக்கப்பட்டு, நீரில் நெடுநேரம் கொதிக்கவைக்கப்படும். அந்த நீரிலேயே அவை மெல்ல ஆறும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காற்றில்லாத கலத்தில் வளரும் பொட்டுலிசம் நச்சுக் கிருமி, அமிலத்தன்மை போதிய அளவு இருந்தால் வளராது. அதற்கான எல்லை 4.6 என்னும் காரகாடித்தன்மை எண். தக்காளி இந்த எல்லையை ஒட்டியே இருப்பதாலும், வகைக்கு வகை மாறுவதாலும், பாட்டிலில் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டிகள் இன்று அறிவுறுத்துகின்றன.

வயலில் உழைப்பவர்கள்

வீட்டில் பாட்டில் கட்டும் குடும்பங்கள் குறைந்து, பெரும்பாலோர் டப்பாவையே நாடும் காலத்தில், அந்த உழைப்பு வயலுக்கும் ஆலைக்கும் மாறியது. இத்தாலி ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் ஆலைத் தக்காளி விளைவிக்கிறது. வடக்கில் அறுவடை ஏறத்தாழ முழுவதும் பொறிகளால் நடக்கிறது. தெற்கில், குறிப்பாகப் புலியா மாநிலத்தின் போஜா மாவட்டத்தில், பெருமளவு தக்காளியைக் கையால் பறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். 'கப்பொராலே' எனப்படும் கங்காணிகள் அவர்களை வேலைக்குக் கொண்டுசெல்கின்றனர். கூலி நேரத்துக்கன்றி, சுமார் 300 கிலோ கொள்ளும் பெட்டிக்கு இவ்வளவு என்று தரப்படுவது வழக்கமாக இருந்தது. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்தே பிடித்தம் செய்யப்பட்டது.

1989 ஆகஸ்டில், நேப்பிள்ஸுக்கு வடக்கே உள்ள வில்லா லித்தேர்னோவில், தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியிலிருந்து தப்பி வந்து தக்காளி பறித்துக்கொண்டிருந்த ஜெர்ரி மஸ்லோ என்னும் அகதி, தொழிலாளர்களின் கூலியைப் பறிக்க வந்த கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ரோமில் இனவெறிக்கு எதிராகப் பேரணி நடந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட மர்த்தெல்லி சட்டம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரும் அகதி நிலை கோரும் உரிமையைத் தந்தது.

2011 ஆகஸ்டில் புலியாவின் நர்தோ ஊரில் புலம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே கூலிக்குத் தக்காளியைத் தரம் பிரிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யச் சொன்னதே அதன் தொடக்கம். முன்னின்றவர்களில் ஒருவர் கேமரூனிலிருந்து வந்து பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஈவான் சாஞே. அவ்வேலைநிறுத்தத்தை அடுத்துக் கங்காணி முறை இத்தாலியக் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 199ஆம் எண் சட்டம், கங்காணியோடு அவரைப் பயன்படுத்தும் முதலாளியையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. எனினும் 2018 ஆகஸ்டு 4, 6 ஆகிய நாட்களில் போஜா மாவட்டச் சாலைகளில் நடந்த இரண்டு விபத்துகளில், வயல் வேலை முடிந்து வண்டிகளில் அடைந்து திரும்பிய 16 ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதன்பின் எஞ்சிய தொழிலாளர்கள், வெயிலுக்கு வயலில் அணியும் சிவப்புத் தொப்பிகளுடன் போஜா நகருக்கு நடந்து சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர்.

மதிப்பீடு

தக்காளி சாஸின் வரலாற்றில் ஒவ்வொரு கட்டத்திலும் வெளியிலிருந்து வந்தவர்களின் பங்கு உண்டு. பழம் மெக்சிகோவிலிருந்து வந்தது. செய்முறை ஸ்பானியப் பெயரோடு, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த ஒருவரின் நூலில் அச்சேறியது. பாதுகாக்கும் முறை பிரான்சிலிருந்து வந்தது. அதை உலகமறியச் செய்தவர்கள் வறுமையால் கடல் கடந்த தென் இத்தாலியர். அவர்களின் பேரப்பிள்ளைகள் வாங்கும் டப்பாவிலுள்ள தக்காளியில் ஒரு பகுதியைப் பறித்தவர்கள், அதே போல் வறுமையால் கடல் கடந்து இத்தாலிக்கு வந்தவர்கள். இத்தாலியர் இந்த சாஸைத் தம் வீட்டு உணவாகக் கருதுவது பிழையன்று. 300 ஆண்டுகளாக அதை அடுப்பில் வைத்துப் பதப்படுத்தித் தமதாக்கியவர்கள் அவர்களே. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சமையலாக அது இருப்பதற்குக் காரணம், மற்ற வேலையெல்லாம் அதற்கு முன்பே வேறு கைகளால் செய்து முடிக்கப்பட்டிருப்பதுதான்.